ஒரு பேர், ஐந்நூறு கடை



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நம்ம கூட்டமைப்பு வளர்ந்த கதையை எழுதுங்க" என்றுதான் சொன்னார்கள். அதை மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் வேறொரு பெண்ணின் கதையை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் போன தை மாதக் கூட்டம்.

அன்றைக்கு வந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம சாம்பார் பொடிக்கும் இட்லிப் பொடிக்கும் நல்ல பேர் வந்திருக்கிறது. பக்கத்து ஒன்றியத்துக் குழு ஒன்று, "உங்க பேரையும் பாக்கெட்டையும் எங்களுக்குக் கொடுங்க. நாங்க எங்க ஊர்லயே அரைச்சு விக்கிறோம். மாசாமாசம் உங்களுக்கு ஒரு தொகை கட்டிடறோம்" என்று கேட்டது. பாதிப் பேர், "கொடுக்கலாமே, உட்கார்ந்த இடத்துல வருமானம்" என்றீர்கள். பாதிப் பேர், "அவங்க மிளகாய்த்தூள்ல எதையாவது கலந்தா கெடப்போறது யார் பேரு?" என்றீர்கள். ரெண்டும் நியாயமான பேச்சு. முடிவு எடுக்காமலே டீ குடித்துவிட்டு எழுந்தோம்.

அதே கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு சகோதரி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு டீக்கடைக் கம்பெனியின் பேரை வாங்கிக் கடை வைத்து, நகையை இழந்தவர் அவர். அவர் கதையையும் அவர் சம்மதத்தோடு, பேர் போடாமல், கீழே சொல்கிறேன்.

இப்படிப் பேரைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் "ஃபிரான்சைஸ்". டவுனில் ஒரே பேரில் நாலு டீக்கடை, அஞ்சு பிரியாணிக் கடை, ஏழு பார்லர் பார்க்கிறோம். எல்லாம் ஒரே முதலாளி என்று நினைக்கிறோம். பல இடங்களில் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு முதலாளி. பேர் ஒருத்தருடையது, இடம், முதல், உழைப்பு, நஷ்டம் இன்னொருத்தருடையது. பேரைப் பயன்படுத்த முதலில் ஒரு தொகை. அப்புறம் விற்பனையில் மாசாமாசம் ஒரு பங்கு, அதற்குப் பேர் ராயல்டி. பதிலுக்குத் தொழில் முறை, பயிற்சி, விளம்பரம், சில இடங்களில் சரக்கு கிடைக்கும்.

ஏஜென்சி வேறு, இது வேறு. சோப்பு ஏஜென்சி எடுத்தால் கம்பெனி செய்த சோப்பை நாம் விற்கிறோம், அவ்வளவுதான். ஃபிரான்சைஸில் கடையே அவர்கள் கடை மாதிரி இருக்க வேண்டும். போர்டு, ருசி, பாத்திரம், உடை, விலை எல்லாம் அவர்கள் சொன்னபடி.

இந்த முறை பெரிய பணக்காரர்கள் மூளையில் உதித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவத்தில் இதை முதலில் நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர், வீட்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்.

ஏழு வயதில் வேலைக்குப் போனவர்

அவர் பேர் மார்த்தா மாட்டில்டா ஹார்ப்பர். 1857-ல் கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். ஏழை வீடு. ஏழு வயதில் அப்பா அவரைச் சொந்தக்காரர் வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டார். அன்று தொடங்கி ஏறக்குறைய 25 வருஷம் அடுத்தவர் வீட்டில் துடைத்து, கழுவி, துவைத்தே வாழ்க்கை போனது.

அப்படி வேலை பார்த்த வீடுகளில் ஒன்று ஒரு டாக்டர் வீடு. தலைமுடியை எப்படிச் சுத்தமாக, ஆரோக்கியமாக வைத்துக்கொள்வது என்று அவரிடம் மார்த்தா கற்றுக்கொண்டார். மூலிகைத் தைலம் ஒன்றின் செய்முறையும் அந்த டாக்டரிடமிருந்துதான் அவருக்குக் கிடைத்தது. 1882-ல் அமெரிக்காவுக்கு வந்து, நியூயார்க் மாகாணத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் மறுபடியும் வீட்டு வேலைக்கே சேர்ந்தார். வேலை முடிந்த நேரத்தில் தைலம் காய்ச்சினார். எஜமானியம்மாவுக்கும் அவருடைய சிநேகிதிகளுக்கும் தலை அலசிவிட்டார்.

1888-ல் கையில் சேர்ந்திருந்தது 360 டாலர். அவ்வளவும் வேலைக்காரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. அதைப் போட்டு ஊரிலேயே கௌரவமான கட்டடத்தில் ஓர் அறை கேட்டார். கட்டடக்காரர் தயங்கினார். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் வெளியே கடைக்குப் போய்த் தலை அலசிக்கொள்வது வழக்கமில்லை. ஆள் வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போவார். "பொம்பளைங்க வந்து போற முடிக்கடை என்ன மாதிரி கடையோ" என்ற சந்தேகம் அவருக்கு. மார்த்தா ஒரு வக்கீலைத் துணைக்கு வைத்துப் பேசி இடத்தை வாங்கினார்.

பக்கத்து அறையில் ஒரு பாட்டு வாத்தியார். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களுக்குக் காத்திருக்க இடமில்லை. "இங்க வந்து உட்காருங்க" என்று மார்த்தா கூப்பிட்டார். உட்கார்ந்தவர்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். மார்த்தாவின் கூந்தல் தரையைத் தொடும் நீளம். அந்தக் கூந்தலோடு எடுத்த படமே கடைக்கு விளம்பரம். கண்ணில் தண்ணீர் படாமல் தலை அலச, பின்பக்கம் சாயும் நாற்காலியையும் கழுத்து வைக்கக் குழிவு வெட்டிய தொட்டியையும் செய்ய வைத்தார். இன்றைக்கு எல்லாப் பார்லரிலும் அந்த மாதிரி நாற்காலி இருக்கிறது. ஆனால் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் செய்துகொண்டார்கள்.

பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய சூசன் பி. ஆன்டனி அதே ஊர்க்காரர். அவரும் இந்தக் கடை வாடிக்கையாளர்.

கடை பெருகிய விதம்

சிகாகோவில் பெரிய பணக்கார வீட்டுப் பெண்மணி பெர்த்தா பால்மர். மார்த்தாவிடம் தலை அலசிக்கொண்டவர். "எங்க ஊர்லயும் ஒரு கடை போடுங்க" என்று கேட்டார். மார்த்தா உடனே பெட்டி கட்டவில்லை. "உங்க சிநேகிதிங்க 25 பேர் வாடிக்கையா வர்றதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாராம். ஊர் தெரியாத இடத்தில் கால் வைக்கும் முன் கிராக்கி இருக்கிறதா என்று பார்க்கும் புத்தி அது. நாமும் புதுப் பொருள் தொடங்கும் முன் செய்ய வேண்டிய காரியம்.

1891-ல் வெளியூர்க் கடைகள் தொடங்கின. வெளியூர்க் கடையைக் கூலிக்கு ஆள் வைத்து நடத்தியிருக்கலாம். மார்த்தா அப்படிச் செய்யவில்லை. தன்னைப் போலவே வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், கூலிப் பெண்கள், இவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, கடையை அவர்களுக்கே சொந்தமாக்கினார். முதல் 100 கடைகள் அப்படிப்பட்ட பெண்களுக்குத்தான் போயின. அவர்களுக்கு "ஹார்ப்பரைட்" என்று பேர்.

ஏன் அப்படிச் செய்தார்? இரக்கம் மட்டும் காரணமில்லை, கணக்கும் இருந்தது. சம்பளத்துக்கு இருப்பவருக்குக் கடை மூடும் நேரம்தான் கண். சொந்தக் கடைக்காரிக்கு வாடிக்கையாளர் முகம்தான் கண். அதுவும் முதல் தடவையாகச் சொந்தக் கடை வைப்பவர், அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒப்பந்தம் இரண்டு பக்கமும் இருந்தது. கடைக்காரி ஹார்ப்பர் முறைப்படிதான் செய்ய வேண்டும். தைலம், நாற்காலி எல்லாம் மார்த்தாவிடம்தான் வாங்க வேண்டும். கடையைச் சோதித்துப் பார்ப்பார்கள். மார்த்தா பக்கத்தில் பயிற்சிப் பள்ளி, விளம்பரம், முதல் இல்லாதவர்களுக்குக் கடன் உதவி, கடைக்காரிகள் ஒன்றுகூடும் கூட்டங்கள். நம்ம குழுவின் பயிற்சி, உள்கடன், கூட்டம் எல்லாம் இதில் ஏதோ ஒரு வடிவத்தில் இருப்பதைப் பார்க்கிறீர்களா?

1920-களின் கடைசியில் 500-க்கும் மேற்பட்ட கடைகள் உலகின் பல ஊர்களில் இருந்தன. அமெரிக்க ஜனாதிபதி வீட்டார்கூட வாடிக்கையாளர்கள். மார்த்தா 63 வயதில், 1920-ல்தான் கல்யாணம் செய்துகொண்டார். 1950-ல் 92 வயதில் இறந்தார். 1970-களில் கம்பெனி வேறொருவர் கைக்குப் போனது, பேரும் மறைந்தது. 2003-ல்தான் அமெரிக்காவின் தேசியப் பெண்கள் புகழ் மன்றத்தில் அவர் பேரைச் சேர்த்தார்கள்.

தையல் மிஷினும் சோடா பாட்டிலும்

மார்த்தாவுக்கு முன்னாலேயே இதன் விதை இருந்தது. நம்மில் பல பேர் வீட்டில் இருக்கும் சிங்கர் தையல் மிஷினைத்தான் சொல்கிறேன். ஐசக் சிங்கர் 1851-ல் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். விற்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் "இந்த ஜில்லாவில் விற்கும் உரிமை உனக்கு" என்று இடம் பிரித்து உரிமையை விற்றார். கம்பெனி வளர்ந்ததும், கொடுத்த உரிமைகளைத் திரும்ப வாங்கித் தன் சொந்தக் கிளைகளை வைத்தது. 1856-ல் மிஷினைத் தவணையில் கொடுக்கவும் ஆரம்பித்தது. கஷ்ட காலத்தில் அடுத்தவர் முதலில் வளர்வது, வளர்ந்த பிறகு தானே எடுத்துக்கொள்வது. ஒப்பந்தம் போடும்போது, "கடை நல்லா ஓடினா என்கிட்டருந்து எடுத்துக்குவாங்களா?" என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்தது கொக்கோ கோலா. ஆரம்பத்தில் அதைக் கடையில் கிளாஸில் ஊற்றித்தான் விற்றார்கள். 1899-ல் தாமஸ், வொயிட்ஹெட் என்ற இரண்டு வக்கீல்கள் கம்பெனி முதலாளி ஆசா கேண்ட்லரிடம் போய், "பாட்டிலில் அடைத்து விற்கிறோம், உரிமை கொடுங்கள்" என்றார்கள். பாட்டில் வியாபாரம் பெரிதாக வராது என்று முதலாளி நினைத்தார். வெறும் ஒரு டாலருக்கு, அமெரிக்காவின் பெரும்பகுதிக்கான உரிமையை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு டாலரைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்பார்கள். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி கிடையாது. பாகு இன்ன விலைக்குத்தான் தர வேண்டும் என்றும் எழுதியாயிற்று. முதல் உலகப் போர் காலத்தில் சர்க்கரை விலை ஏறியபோது கம்பெனி திண்டாடியது. கோர்ட் வரை போய், 1921-ல்தான் சமரசம் ஆனது. இங்கே மாட்டிக்கொண்டது பேருக்குச் சொந்தக்காரர். காலம் எழுதாத, விலையைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம் பெரிய கம்பெனியையும் ஆட்டும்.

தன் பேரைத் தானே போட முடியாத அண்ணன் தம்பி

மெக்டொனால்ட்ஸ் கடை டவுன் பிள்ளைகளுக்குத் தெரியும். அது கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய கடை. 1948-ல் அவர்கள் கடையை மூடி, சாமான் பட்டியலைக் குறைத்து, ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்து, சீக்கிரம் கொடுக்கும் முறை ஒன்றை அமைத்தார்கள். ரொட்டிக்கு நடுவில் கறி வைத்த பர்கர் 15 சென்ட். நல்ல கூட்டம்.

1954-ல் ரே க்ராக் என்ற 52 வயது மிக்ஸர் மிஷின் வியாபாரி அங்கே போனார். ஒரு கடை ஏன் இத்தனை மிஷின் வாங்குகிறது என்று பார்க்கத்தான் போனார். பார்த்ததும், "இதை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலையை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். ஒப்பந்தம் இப்படி: கடை வைப்பவர் முதலில் 950 டாலர் கட்ட வேண்டும். பிறகு விற்பனையில் 1.9 சதவீதம். அதில் 1.4 ரே க்ராக்குக்கு, 0.5 அண்ணன் தம்பிக்கு. 1955-ல் இலினாய் மாகாணத்தில் தன் முதல் கடையைத் திறந்தார்.

அந்த 1.4 சதவீதம் அவருக்குச் செலவுக்கே போதவில்லை. அப்போது கணக்குத் தெரிந்த ஹாரி சோன்னபார்ன் ஒரு வழி சொன்னார். கடை இருக்கும் இடத்தைக் கம்பெனியே பிடித்து, கட்டடம் கட்டி, கடைக்காரருக்கு மேல் வாடகைக்கு விட வேண்டும். 1956-ல் அதற்கென்று தனிக் கம்பெனி வைத்தார்கள். அதன்பின் வருமானத்தின் பெரும்பகுதி வாடகையில் வந்தது. பிடியும் இறுகியது. சொன்னபடி நடக்காத கடைக்காரர் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

1961-ல் 27 லட்சம் டாலருக்கு அண்ணன் தம்பி முழு உரிமையையும் விற்றார்கள். முதல் கடையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பேரை விற்றாயிற்றே! அவர்கள் குடும்பப் பேரை அவர்கள் கடையில் போட முடியவில்லை. போர்டை மாற்றினார்கள். ரே க்ராக் அதற்குப் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். கொஞ்ச வருஷத்தில் பழைய கடை மூடிவிட்டது.

இன்னொரு சம்பவம். சின்சினாட்டி ஊரில் ஒரு கடைக்காரருக்கு வெள்ளிக்கிழமை வியாபாரமே இல்லை. அந்தப் பகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகம். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டார்கள். நம்ம ஊரில் புரட்டாசியில் பிரியாணிக் கடைக்கு வரும் கஷ்டம்தான். 1962-ல் அவர் மீன் வைத்த ரொட்டி ஒன்றைச் செய்து, கம்பெனியிடம் போராடி அனுமதி வாங்கினார். அது இன்றைக்கும் பல நாட்டுக் கடைகளில் விற்கிறது. உள்ளூர் நாக்கு தெரிந்த கடைக்காரர் கண்டுபிடித்தது அது. ஆனால் அந்தப் பண்டம் கம்பெனிச் சொத்து ஆகிவிட்டது. பேர் வாங்கி நடத்துபவர் புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம்ம சகோதரியின் டீக்கடை

இப்போது நம்ம சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். செல்போனில் விளம்பரம் பார்த்தார். "மாதம் இத்தனை ஆயிரம் உறுதி" என்று போட்டிருந்தது. நகைக்கடன் வைத்து, குழுக்கடனும் போட்டு இரண்டரை லட்சம் கட்டினார். அவர் என்னிடம் சொன்னது: "அக்கா, அக்ரிமென்ட் இங்கிலீஷ்ல 22 பக்கம். கையெழுத்துப் போடற இடத்துல எல்லாம் பென்சில்ல டிக் அடிச்சு வச்சிருந்தாங்க. டிக் அடிச்ச இடத்துல போட்டேன்."

கடை ஓடாமல் இல்லை. தினமும் சுமார் 4,000 ரூபாய்க்கு வியாபாரம் ஆனது. அப்படியும் கையில் நிற்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மாதம் 30 நாளுக்கு விற்பனை 1,20,000 ரூபாய். பால், சர்க்கரை, கேஸ், வாடகை, ஆள் கூலி, கரண்டு எல்லாம் போக மிஞ்சியது 12,000. ராயல்டி 5 சதவீதம். அவர் அதை லாபத்தில் 5 சதவீதம், அதாவது 600 ரூபாய் என்று நினைத்திருந்தார். ஒப்பந்தத்தில் இருந்தது விற்பனையில் 5 சதவீதம். அது 6,000 ரூபாய். லாபத்தில் சரிபாதி! இன்னொன்று, டீத்தூளும் கப்பும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வெளிக்கடை விலையைவிட அதிகம். அந்த அதிக விலை முன்னாலேயே செலவில் சேர்ந்துபோனது. மிச்ச 6,000-ல் வட்டி கட்டினால் அவருடைய உழைப்புக்குக் கூலி எங்கே?

ஐந்தாம் மாதம் அதே பேரில் அடுத்த தெருவில் இன்னொரு கடை வந்தது. "இந்த எல்லைக்குள் வேறு கடை தர மாட்டோம்" என்று 22 பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த ஆடிக்குள் கடையை மூடினார். கட்டிய பணம் திரும்பாது என்று மட்டும் அதில் தெளிவாக எழுதியிருந்தது.

அமெரிக்காவில் இப்படி ஏமாந்தவர்கள் பெருகியதால்தான் சட்டம் வந்தது. முதலில் 1970-ல் கலிபோர்னியா மாகாணம் சட்டம் போட்டது. 1979-ல் நாடு முழுக்க விதி வந்தது. பேர் விற்பவர் தன் வரவு செலவு, தன் மேல் உள்ள வழக்குகள், மொத்தச் செலவு எவ்வளவு என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். படித்துப் பார்க்க நாள் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும், 1999-ம் வருஷத்து வணிகக் குறிச் சட்டமும்தான் துணை. அதாவது, பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் நமக்குப் பாதுகாப்பு.

எண்பது ரூபாய் அப்பளம்

பேரை விற்காமலும் ஊர் ஊராகப் பரவலாம். அதற்கும் பெண்களே சாட்சி. 1959 மார்ச் 15 அன்று பம்பாயில் கிர்காவ் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் உருட்டினார்கள். முதல் நாள் நாலு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் பப்பட். இன்றைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், 80-க்கும் மேற்பட்ட கிளைகள். முதல் ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

லிஜ்ஜத்தில் பேருக்குக் காசு கட்டிச் சேர்பவர் யாரும் இல்லை. அப்பளம் உருட்டும் ஒவ்வொரு பெண்ணும் பங்குதாரர். லாபமும் நஷ்டமும் பொது. காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்கி வருகிறார்கள். வீட்டில் உருட்டிக் காயவைத்து மறுநாள் கொடுக்கிறார்கள். சோதித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். உருட்டுவது ஆயிரம் வீட்டில் நடந்தாலும் மாவு அவரவர் இஷ்டம் கிடையாது. உளுந்து, பெருங்காயம், மிளகு எல்லாம் சங்கமே மொத்தமாக வாங்குகிறது. ருசி மாறாததற்கு அதுதான் காரணம். அவர்களும் எடுத்த எடுப்பில் ஜெயிக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஒரு கிளை நிலைக்கவில்லை. பொறுத்திருந்து, 1968-ல் குஜராத்தில் வாலோட் என்ற ஊரில் தொடங்கியபோதுதான் வெளி மாநிலத்தில் வேர் பிடித்தது.

இனி நம்ம பொடிக்கு வருவோம்

இதையெல்லாம் வைத்து, தை மாதம் விட்ட பேச்சைத் தொடரலாம் என்பது என் எண்ணம். பக்கத்து ஒன்றியத்துச் சகோதரிகள் நம்மைப் போன்றவர்கள்தான். அவர்களை விரட்டவும் வேண்டாம், வெறும் பேரைக் கொடுத்துவிட்டுப் பணம் எண்ணவும் வேண்டாம். என் மனதில் பட்டதை வரிசையாக வைக்கிறேன்.

முதலில் பேர் நம்முடையது என்று பதிவாக வேண்டும். இன்றைக்கு நம்ம பேரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்ற நிலையில்தான் இருக்கிறோம். மார்த்தாவின் நாற்காலிக்கு ஆனது நம்ம பேருக்கு ஆகக் கூடாது. சங்கத்தின் பேரில் பதிந்து உறுப்பினர்கள் எல்லாரும் பயன்படுத்தும் கூட்டுக் குறி என்று ஒரு வகை சட்டத்தில் இருக்கிறது. நமக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்பு உரிமம். அரைக்கும் இடம் வேறு என்றால் அந்த இடத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். பாக்கெட்டில் தயாரித்தவர் பேரும் முகவரியும் இருக்க வேண்டும். நம்ம நம்பரை மட்டும் அவர்கள் பாக்கெட்டில் அச்சடித்தால் போதாது.

மூன்றாவது, பயிற்சி. நம்மிடம் ஒரு மாதமாவது வந்து வறுக்கும் பதம் கற்றுக்கொண்டு போகட்டும். நம்ம ஆள் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். மிளகாயும் மல்லியும் சேர்ந்தே மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், தரமும் ஒன்றாக இருக்கும்.

நான்காவது, பணம். பங்கு விற்பனையிலா, லாபத்திலா என்று தமிழில் எழுத வேண்டும். அவர்கள் கையில் கூலி நிற்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ம பங்கைக் கேட்க வேண்டும். நம்ம சகோதரிக்கு நடந்ததை நாம் இன்னொரு குழுவுக்குச் செய்யக் கூடாது.

ஐந்தாவது, எல்லையும் காலமும். எந்தெந்த ஊர் அவர்களுக்கு, எத்தனை வருஷம், தரம் கெட்டால் என்ன செய்வது, பிரிய வேண்டி வந்தால் மிச்ச பாக்கெட்டை என்ன செய்வது, எல்லாம் முன்னாலேயே பேசி எழுதிவிட வேண்டும்.

அதோடு, பேரைக் கொடுப்பதற்குப் பதிலாக அவர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள். அது லிஜ்ஜத் வழி. மெதுவாகத்தான் போகும். ஆனால் நஷ்டம் வந்தால் ஒரு வீட்டு நகை மட்டும் போகாது, எல்லாரும் தாங்குவோம்.

வெளியிலிருந்து யாராவது உங்களிடம் பேர் விற்க வந்தால், ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பேப்பரைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்த பிள்ளைகளை வைத்துத் தமிழில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனிப் பேரில் ஏற்கெனவே கடை நடத்துகிற ரெண்டு பேரைப் போய்ப் பார்த்து, "கையில என்ன நிக்குது?" என்று கேளுங்கள். நம்ம சகோதரியும், "அன்னைக்கே கூட்டத்துல கொண்டுவந்து வச்சிருக்கணும் அக்கா" என்றுதான் சொன்னார். அவர் இப்போது நம்ம பொடி யூனிட்டில் வறுக்கும் பொறுப்பில் இருக்கிறார். நகையில் பாதியை மீட்டுவிட்டார். பக்கத்து ஒன்றியத்தாரோடு ஒப்பந்தம் எழுத உட்காரும்போது முதல் நாற்காலியில் அவரை உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று நம்மில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வரும் பொதுக்குழுவில் பேசுவோம். அனைவருக்கும் விழா வாழ்த்துகள்.